புகை இல்லை, ஆவிதான்

…புகை இல்லை, ஆவிதான், என்று யார் சொன்னது, அவன்தான் சொன்னான், பால்கனிக் கம்பியில் சாய்ந்துகொண்டு, விளம்பரத்தில் வருகிற ஆள் மாதிரி சிரித்துக்கொண்டு, அதே வார்த்தைகள், அதே வரிசை, இப்போது அப்பா அந்த எஃகுக் கதவுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருக்கிறார், அவன் தகன மண்டபத்தின் காத்திருப்பு அறையில் பாய்மேல் கால் மடக்கி உட்கார்ந்து ஆறிப்போன தேநீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அதைக் குடிக்கவும் இல்லை, தள்ளி வைக்கவும் இல்லை. கறுப்புக் கோட்டின் வலது பையில், புகையிலையைச் சூடாக்கி இழுக்கிற அப்பாவின் கருவி கிடக்கிறது, இடது பையில் அவனுடையது, இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, அப்பாவுடையது கருநீலம், அவனுடையது சாம்பல் நிறம், உட்காரும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு கனம் இழுக்கிறது, தராசு மாதிரி… காலையில் பெட்டியை மூடும் முன் அம்மா பூக்களுக்கு நடுவில், அப்பாவின் கைக்குப் பக்கத்தில், அதை வைக்கப் போனாள், அந்த ஈமச் சடங்குக் கம்பெனிக்காரர், வெள்ளைக் கையுறை போட்ட இளைஞர், அவனைவிடச் சின்னவராகக்கூட இருக்கலாம், ரொம்பத் தாழ்ந்து வணங்கிவிட்டு, மன்னிச்சுக்குங்கம்மா, உள்ளே பேட்டரி இருக்கு, சூட்டில வெடிச்சிடும், இதை மட்டும் அனுமதிக்க முடியாது என்றார். அம்மா ஒரு நிமிஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், பிறகு திரும்பி, நீயே வெச்சுக்க இட்சுகி, நீ வாங்கிக் குடுத்ததுதானே, என்று அவன் கையில் திணித்தாள், எல்லோரும் பார்த்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், எவ்வளவு நல்ல பிள்ளை என்கிற மாதிரி… அந்தப் பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பது, அதற்குப் பை ஏது.

மேசையில் சோறு அடைத்த இனாரி சுஷி, மீன் வறுவல், மாண்டரின் ஆரஞ்சு, பெரிய பீர் பாட்டில்கள், யாரோ பேச யாரோ சிரிக்கிறார்கள், அப்பா வேலை செய்த கம்பெனியின் ஆட்கள், நடுவில் அக்கா மிசுஸு தன் மகள் கொஹாருவுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள், குழந்தைக்கு இரண்டரை வயது, கறுப்புக் கவுன், வாயெல்லாம் சோறு, தாத்தா எங்கே என்று காலையிலிருந்து கேட்டுக் கேட்டு இப்போது கேட்பதை விட்டுவிட்டது. அக்கா இரண்டு தடவை சொல்லிவிட்டாள், நேற்று ஒரு தடவை, இன்று வண்டியில் ஒரு தடவை, நீ அதை வாங்கிக் குடுக்கலைன்னா நான் அப்பாகிட்ட பாப்பாவை நீட்டியே இருக்க மாட்டேன்டா, அந்த நாத்தத்தோட யாரு குடுப்பா, உன்னாலதான் அவர் பேத்தியைத் தூக்கினாரு, தேங்க்ஸ்டா. தேங்க்ஸ்… அக்கா அவனுக்கு நன்றி சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது, சின்ன வயசில் அவளும் அவனும் ஒரே கட்சி, அப்பாவின் புகைக்கு எதிரான கட்சி, வீட்டுச் சுவரெல்லாம் தேநீர் நிறத்துக்குப் பழுத்துப்போயிருக்கும், புது வருஷத்துக்குக் காலண்டரை மாற்றினால் பழைய காலண்டர் இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக நிற்கும், வேறு யாரோ ஒருவருடைய சுத்தமான வீட்டுக்குத் திறக்கிற ஜன்னல் மாதிரி. நாலாம் வகுப்பில் பக்கத்து இருக்கைப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அவன் குடும்பப் பெயரைச் சொல்லி, நோனோமுரா சட்டை சாம்பல் கிண்ணம் மாதிரி நாறுது என்றாள், அன்று முழுக்க ஸ்வெட்டரைப் போடாமல் குளிரில் உட்கார்ந்திருந்தான், சாயங்காலம் அப்பா வந்தார், ஊரெல்லாம் இருக்கிற பானம் விற்கும் இயந்திரங்களுக்குச் சரக்கு நிரப்புகிற வண்டி அவருடையது, நசுங்கிப்போன டப்பா ஒன்றிரண்டைப் பிள்ளைகளுக்கு எடுத்து வருவார், அன்று ஆரஞ்சுச் சாறு, அவன் வாங்கவில்லை, என்னடா, என்றார், ஒண்ணுமில்ல, அவ்வளவுதான், அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருஷம் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த பேச்சு ஏறக்குறைய அதுதான், என்னடா, ஒண்ணுமில்ல. சத்தியமாக நான் தொட மாட்டேன் என்று நினைத்துக்கொண்டவன், செத்தாலும் சிகரெட் பிடிக்க மாட்டேன் என்று… அந்தச் சத்தியத்தை அவன் மீறவும் இல்லையே, அதுதான் வேடிக்கை, இன்றைக்கு வரை ஒரு சாதா சிகரெட்டை அவன் உதட்டில் வைத்ததில்லை.

நகோயாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், குடிக்கப் போன இடத்தில் நாலைந்து பேர், எல்லோர் கையிலும் அந்தச் சின்னக் கருவி, மேசையில் பேனா வைத்தது போல வரிசையாக வைத்திருந்தார்கள், பற்றவைக்க நெருப்பு இல்லை, தட்ட சாம்பல் இல்லை, ஒரு ஸ்டிக்கைச் செருகி, விளக்கு எரிந்து, கையில் லேசாக ஒரு அதிர்வு வந்ததும் இழுக்க வேண்டியதுதான், சோளம் அவிக்கிற மாதிரி ஒரு வாசனை, அதுவும் சட்டையில் நிற்காது. சட்டையில் நிற்காது என்றால் அது சிகரெட் இல்லை, அவனுக்கு அவ்வளவு போதும். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள், இது எரியலையே, சூடுதான் ஆகுது, எரிஞ்சாத்தானே தார், பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா என்றால் யாரும் படிக்கவில்லை, தமாகிகூட, அவனோடு பழகிய தமாகி, முதல் தடவை வெளியே போனபோதே, நான் சிகரெட் பிடிக்கிறவனோட பழக மாட்டேன்ப்பா என்றாள், அவன் பையிலிருந்து கருவியை எடுத்துக் காட்டினான், ஓ இதுவா, இது பரவாயில்லை என்று அவளே கேட்டு வாங்கி ஒரு இழுப்பு இழுத்தாள். கம்பெனியின் வருஷாந்தர மருத்துவப் பரிசோதனையில் புகைப்பீர்களா என்று நர்ஸ் கேட்டால், இல்லை என்பான், அதைச் சொல்லும்போது நாக்கு தடுக்கியதே இல்லை, பொய் என்று தோன்றினால்தானே தடுக்கும். காலையில் ஒன்று, மதியம் சாப்பிட்டதும் இரண்டு, அதிகாரி திட்டினால் ஒன்று, திட்டாவிட்டால் ஒன்று, இதெல்லாம் புகைப்பது இல்லையென்றால் பிறகு என்ன, ஏன் பையில் ஸ்டிக் தீர்ந்தால் மழையில் கடைக்கு ஓடுகிறான், அந்தக் கேள்வி அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை, இன்றைக்கு, இந்த ஆறிய தேநீருக்கு முன்னால் வருகிறது, நாள் பார்த்து வருகிறது…

டேய், எழுந்திரு, வெளியில போலாம், என்று தோளைத் தட்டியது சித்தப்பா கட்சுமி, அப்பாவின் தம்பி, அதே பல், அதே நடை, முகத்தைப் பார்க்காமல் இருந்தால் அப்பா என்றே தோன்றும், அதனால் இவன் அவர் முகத்தையே பார்த்தான். கட்டடத்தின் பின்பக்கம், கார் நிறுத்துகிற இடத்தைத் தாண்டி, ஒரு தகரக் கூரையும் தண்ணீர் ஊற்றிய பெரிய சாம்பல் தொட்டியும், பக்கத்தில் பழம் பறிக்காத பெர்சிமன் மரம். மண்டபத்துக்குப் புகைபோக்கி இல்லை, முன்காலத்தில் இருந்திருக்கும், இப்போது எல்லாவற்றையும் வடிகட்டி விடுகிறார்கள், ஒன்றும் வெளியே தெரியாது, வாசனையும் வராது… சித்தப்பா சிகரெட்டைப் பற்றவைத்தார், இவன் பழக்கத்தில் இடது பையில் கைவிட்டுத் தன்னுடையதை எடுத்துவிட்டான், எடுத்தபிறகுதான் எடுத்தது தெரிந்தது. சித்தப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார், உங்க தலைமுறை தம் அடிக்கிறது இல்லடா, சார்ஜ் போடுது, போனுக்கு ஒண்ணு, வாய்க்கு ஒண்ணு. சித்தப்பா, இன்னைக்காவது விடுங்களேன். சரி சரி… ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு, இந்த ஆகஸ்ட்டுக்கு முந்தின ஆகஸ்ட், முன்னோர் சமாதிக்குப் போனோமில்ல, நீ வரலை, வேலைன்னுட்ட, அங்க வெச்சு உங்கப்பனுக்கு நான் ஒண்ணு நீட்டினேன், இந்த பிராண்டுதான், நாங்க பதினாறு வயசுல வீட்டுக்குத் தெரியாம முதல்ல பிடிச்ச பிராண்டு, வேணாம்டா கட்சுமின்னான். ஏன்டான்னேன். பையிலேர்ந்து அந்த நீலக் கருவியை எடுத்தான் பாரு, என்னமோ போலீஸ்காரன் அடையாள அட்டையைக் காட்டுற மாதிரி, என் பையன் வாங்கிக் குடுத்தான், இதைத்தான் பிடிக்கிறேன், உடம்பு லேசா இருக்குன்னான். எனக்கு வயிறு எரிஞ்சுது தெரியுமா, எனக்கும்தான் பிள்ளைங்க ரெண்டு இருக்கு, ஒரு லைட்டர் வாங்கித் தந்திருக்குமா. சித்தப்பா சொல்லிக்கொண்டே புகையை மேலே ஊதினார், கண் கலங்கியது புகையாலா வேறு எதனாலா தெரியவில்லை, இவன் கையில் கருவி அதிர்ந்தது, இழுக்கலாம் என்று அர்த்தம், அவன் இழுக்கவில்லை, கொஞ்ச நேரம் விளக்கு எரிந்துவிட்டுத் தானாக அணைந்தது.

உடம்பு லேசா இருக்கு… அந்த வார்த்தையும் அவன் கொடுத்ததுதான், அப்பாவுடைய சொந்தப் பேச்சில் அப்படியொரு வார்த்தையே கிடையாது, உடம்பைப் பற்றி அவர் எங்கே பேசினார். கொஹாரு பிறந்த வசந்தம் அது, பரிசோதனையில் அப்பாவின் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், உடனே நிறுத்துங்க, இது புத்திமதி இல்லை, கடைசி எச்சரிக்கை என்றாராம், அப்பா நிறுத்தினார். நிறுத்தினாரே, அதுதான் விஷயம், அதுதான் இந்த மண்டபத்தில் இருக்கிற யாருக்கும் ஞாபகம் இல்லை, அக்காவுக்குப் பிரசவக் களைப்பு, அம்மா பாதி நாள் அக்கா வீட்டில், மே மாத விடுமுறைக்கு அவன் சொந்த ஊரான தொயோஹாஷிக்கு வந்தபோது அப்பா உலர்ந்த கணவாய் மீனை மென்றுகொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார், தாடை அசைந்துகொண்டே இருந்தது, சாம்பல் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார், அதன் அடியில் இருந்த மலைப் படத்தை அன்றுதான் அவன் முதல் தடவை பார்த்தான். ரெண்டு வாரம் போல ஆச்சு என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு, தேர்வு எழுதிவிட்டு வந்த பையன் மாதிரி. அவன் என்ன சொல்லியிருக்க வேண்டும், நல்லாருக்குப்பா, விடாதீங்கப்பா, இதில் எந்த வார்த்தை கஷ்டம்… அவன் ஓ என்றான். சாப்பிட்ட பிறகு பால்கனிக்குப் போய்த் தன்னுடையதைச் சூடேற்றினான், கண்ணாடிக் கதவு பின்னால் நகர்ந்தது, அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து அவன் பக்கத்தில் நின்றார், துணிக்கொடிக்குக் கீழே, அவ்வளவு பக்கத்தில் அவர் வந்து நின்றது எப்போது என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. அது என்னது. இதுவா, இது சிகரெட் இல்லப்பா, புகை இல்லை, ஆவிதான், உடம்புக்கு லேசு, நாத்தமே வராது, பாப்பா இருந்தாலும் பரவாயில்லை, பிடிச்சுப் பாருங்க. பிடிச்சுப் பாருங்க என்று ஏன் சொன்னான், கேட்கவில்லையே அவர், என்னது என்றுதானே கேட்டார். அப்பா வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, ஒரு இழுப்பு, கண்ணை மூடினார், மூடியது மூடியபடி நின்றார், பிறகு திறந்து, உருளைக்கிழங்கு வேகிற வாசனைடா இது என்றார், இருவரும் சிரித்தார்கள், உண்மையாகவே சிரித்தார்கள், அப்பா அவனோடு சேர்ந்து சிரித்த சத்தம் அவனுக்குப் பழக்கமில்லாத சத்தம், வேறு வீட்டிலிருந்து கேட்பது போலிருந்தது. மறுநாளே போய் வாங்கிவந்துவிட்டான், நிறத்தைக்கூட யோசித்து, அவருடைய வேலைச் சட்டையின் நீலம்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை வந்தான், ஆமாம், முன்பு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தவன் மாதம் ஒரு தடவை வந்தான், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பால்கனியில் இரண்டு பேர், ஒரு ஸ்டிக் முடிகிற நேரத்துக்குள் ஒரு பேச்சு, வண்டியைப் பற்றி, புது இயந்திரங்களில் சூடான சோளச் சூப்புக்கு ஏன் எப்போதும் மேல் வரிசை என்பதைப் பற்றி, தமாகியைப் பற்றிக்கூட, அவ என்னடா சொல்றா, ஒத்துவரலைப்பா, சரி விடு, அந்தச் சரி விடு என்பதை எத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்தான். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஞ்சுக் குச்சியால் கருவியின் உள்ளே சுத்தம் செய்வார், கரி இல்லை, சாம்பல் இல்லை, ஆனா உள்ளே ஏதோ பழுப்பா வருதே இட்சுகி, இது என்னது என்று பஞ்சைத் தூக்கிக் காட்டினார் ஒருநாள், அது சாறுப்பா, ஒண்ணும் இல்லை என்றான். அந்தப் பஞ்சு பழுத்த சுவர் நிறம்தான், பார்த்தவுடன் தெரிந்தது, தெரிந்தும் ஒன்றும் இல்லை என்றான்… இந்த வருஷம் ஜூன் மாத மழைக்காலத்தில் இருமல், பிறகு முதுகு வலி, பிறகு எல்லாம் மளமளவென்று, மருத்துவமனையில் டாக்டர் படத்தை விளக்கொளியில் மாட்டி, இது ரொம்ப நாளா உள்ள இருந்திருக்கு என்றார், நாற்பது வருஷப் பழக்கம் இல்லையா. அவன் கேட்க நினைத்தான், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் நிறுத்திட்டார்னா, நிறுத்தின ரெண்டாவது வாரத்துல அவர் கையில யாராவது ஒண்ணைக் குடுக்காம இருந்திருந்தா, இந்தப் படம் எப்படி இருந்திருக்கும் டாக்டர்… வாயைத் திறந்தான், டாக்டர் சொல்லுங்க என்கிற மாதிரி பார்த்தார், பார்வையாளர் நேரம் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டான். கேட்டிருந்தாலும் அவர் என்ன சொல்லியிருப்பார், சொல்ல முடியாது என்றுதான், அதுகூடத் தெரிந்துதான் கேட்கவில்லையோ, சொல்ல முடியாது என்பதற்குள் ஒரு ஆள் வாழ்நாள் முழுக்க ஒளிந்துகொள்ளலாம், கதவு ஜன்னல் எல்லாம் உண்டு.

உள்ளே திரும்பி வந்தபோது அம்மா தனியாக இருந்தாள், ஜன்னலோரம், ஆரஞ்சை உரித்து நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அப்பாவுக்கு நார் பிடிக்காது, மருத்துவமனையில் அப்படித்தான் கொடுப்பாள், கை பழக்கத்தில் செய்கிறது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தான், இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டான், கதவு திறந்துவிட்டால் எலும்பாகிவிடுவார், எலும்புக்கு முன்னால் எப்படிச் சொல்வது. அம்மா, கொஹாரு பொறந்தப்ப அப்பா சிகரெட்டை விட்டிருந்தாரு, ஞாபகம் இருக்கா. விட்டிருந்தாரா, யாரு, உங்கப்பாவா. ஆமாம்மா, ரெண்டு வாரம், கணவாயை மென்னுக்கிட்டே இருந்தாரே, கிண்ணத்தைக்கூட கழுவி… நான்தான் அவரு கையில… அம்மா அவனைப் பார்த்தாள், பார்த்தது கொஞ்சம் அதிக நேரமோ, அல்லது இப்போது யோசிக்கும்போது அப்படித் தோன்றுகிறதோ, பிறகு அவள் சிரித்தாள், இன்றைக்குச் சிரிக்க முடியும் என்று அவன் நினைக்காத ஒரு சிரிப்பு. போடா பைத்தியம். அந்த மனுஷன் விட்டாராம். டோஃபு வாங்கிட்டு வரேன்னு சாயங்காலமானா சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவாரு, அந்த மாசம் தின்ன டோஃபுவுல எனக்கு டோஃபுவே வெறுத்துப்போச்சு. கார் கழுவுற இடத்துக்குப் பின்னால நின்னு ஊதிட்டு, புதினா மிட்டாயைப் போட்டுக்கிட்டு வருவாரு. நீ கேக்கலையாம்மா. கேட்டா என்ன, இன்னும் தூரமாப் போய் ஊதுவாரு, மழையில நனைவாரு, அவ்வளவுதானே. அவள் ஒரு சுளையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். நீ குடுத்தது இருக்கு பாரு, அதுவும் அவருக்குப் பிடிக்கலை, நனைஞ்ச அட்டைப்பெட்டியை வாயில வெச்ச மாதிரி இருக்குடின்னு எங்கிட்ட சொன்னாரு, வண்டி நிறுத்துற எடத்துல கடைசி வரைக்கும் பழைய சிகரெட்டுதான். அப்புறம் ஏம்மா என்கூட… நீ வர்றப்ப வேணுமில்லையா, நான் கேட்டப்ப உங்கப்பா, அவன் வந்து பால்கனியில நிப்பான், கையில ஒண்ணும் இல்லாம நான் போய் நின்னு என்னத்தைப் பேசுறது, அப்படின்னாரு. சொல்லிவிட்டு அம்மா அடுத்த ஆரஞ்சை எடுத்தாள், எழுந்து போய்ச் சித்தப்பாவுக்குப் பீர் ஊற்றினாள், கம்பெனி ஆட்களிடம் குனிந்து ஏதோ சொன்னாள், எல்லாம் அந்த ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே.

அப்படியானால்… அப்படியானால் அவன் ஒன்றும் செய்யவில்லை, நிறுத்தாத ஒருவரை நிறுத்தவிடாமல் செய்ய முடியாது, நிம்மதியாக மூச்சை விடலாம். சித்தப்பாவிடம் வேணாம்டா என்றவர் யார் அப்போது, மூக்குக்கண்ணாடி போட்டுப் பஞ்சால் துடைத்தவர் யார், பிடிக்காத பொருளை யாராவது ஞாயிற்றுக்கிழமைதோறும் அவ்வளவு பொறுமையாகத் துடைப்பார்களா, துடைப்பார்கள், பையன் பார்க்கிறான் என்றால் துடைப்பார்கள். அந்த விடுமுறையில் மேசையில் டோஃபு இருந்ததா, இருந்தது, இஞ்சி துருவிப் போட்டு, ஆனால் அது எப்போது இல்லாமல் இருந்தது. அம்மா நன்றாகப் பொய் சொல்வாள், மற்றவர்களைப் போலக் கண்ணைத் தாழ்த்தமாட்டாள், அதிகமாகவும் பேசமாட்டாள், சின்னதாக ஒரு நிஜமான பொருளைக் கொண்டுவந்து நடுவில் வைப்பாள், அவன் வளர்த்த கிளிக்குஞ்சு செத்தபோது பறந்துபோச்சு என்றாள், பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில கொஞ்ச நேரம் உக்காந்திருந்துது என்றும் சொன்னாள், அந்தத் துணிக்கொடிக்காகவே அவன் நம்பினான், உயர்நிலைப்பள்ளியில் அக்கா உண்மையைச் சொல்கிறவரை நம்பினான். சைக்கிள், டோஃபு, புதினா மிட்டாய், நனைந்த அட்டைப்பெட்டி… இதில் எது நிஜம், எழுந்து போய் அவள் முகத்தைப் பார்த்தால் தெரியுமா, தெரியாது, அறுபது வயசு முகத்தில் இன்றைக்கு அழுகைதான் இருக்கும், அது எல்லாவற்றையும் மூடும்.

நோனோமுரா குடும்பத்தார் என்று கூப்பிட்டார்கள். நீளமான நடை, யாருடைய செருப்போ தரையில் தேய்கிறது, கொஹாருவை அக்கா வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டார், அடுப்புத் தட்டு வெளியே இழுக்கப்பட்டிருந்தது, எலும்புகள் வெள்ளை, எதிர்பார்த்ததைவிட வெள்ளை, அதன்மேல் இன்னும் சூடு அலைந்துகொண்டிருந்தது, முகத்தில் தெரிந்தது. கையுறைக்காரர் மெதுவான குரலில், பாதத்தில் ஆரம்பித்து மேலே போவோம், அப்போதுதான் கலசத்துக்குள்ளே நேராக உட்காருவார் என்று சொல்லி, இது கணுக்கால், இது தொடை, நல்ல உறுதியான எலும்பு, வண்டி ஏறி இறங்குற வேலையா என்று கேட்டார், அம்மா ஆமாங்க என்றாள், பெருமையாகவே சொன்னாள். அவன் கண் மேலே போனது, இடுப்பைத் தாண்டி, விலா என்று நினைத்த மெல்லிய வளைவுகள் சில உடைந்து கிடந்தன, அவற்றுக்கு நடுவில் பார்த்தான், என்ன தேடுகிறான், நுரையீரல் எரிந்துபோகும், எலும்பு மட்டும்தான் மிஞ்சும், இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும், ஆனாலும் அங்கே ஒரு கறை, ஒரு நிழல், ஏதோ ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறான், நாற்பது வருஷம் இவ்வளவு, ரெண்டு வருஷம் இவ்வளவு என்று யாரோ கோடு போட்டு வைத்திருப்பார்கள் என்று. அங்கே வெறும் தட்டுதான் தெரிந்தது. நெஞ்சுப் பக்கம்… என்று ஆரம்பித்தான், கையுறைக்காரர் திரும்பி, சொல்லுங்க என்றார், ஒண்ணுமில்ல, என்றான்.

முறைப்படி அக்காவும் அவனும் ஒரே எலும்பை இரண்டு பக்கமும் மூங்கில் குச்சியால் பிடித்துத் தூக்கிக் கலசத்தில் இட வேண்டும், அக்காவின் குச்சி நடுங்கியது, அவனுடையது நடுங்கவில்லை, அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் அந்த நேரத்தில், முழங்காலா என்னவோ அந்த உருண்டையான துண்டைக் குச்சி தொட்ட நேரத்தில், அவன் தேர்ந்தெடுத்துவிட்டிருந்தான். அம்மா சொன்னது உண்மையாக இருந்தால் அவன் தப்பித்தான், ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போயின, உருளைக்கிழங்கு வாசனைடா என்று சிரித்தது, உடம்பு லேசா இருக்குடா என்றது, எல்லாம் ஒரு மனுஷன் வாயில் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு பையனுக்காக நடித்தது. நடித்தாலும் அவனுக்காகத்தானே, பக்கத்தில் நிற்பதற்காகத்தானே, அது அதைவிடப் பெரிசு இல்லையா, அப்படியும் நினைக்கலாம், நினைத்துப் பார்த்தான், மனசில் ஏறவில்லை, நாளைக்கு ஏறுமோ என்னவோ. பொய்யாக இருக்கட்டும், அம்மா கிளிக்குஞ்சைப் பற்றிச் சொன்ன மாதிரிதான் இதையும் சொல்லியிருக்கட்டும், அவர் நிஜமாகவே அன்றைக்கு நிறுத்தியிருக்கட்டும், நிஜமாகவே அவன் நீட்டியதை ஆசையாக வாங்கியிருக்கட்டும், கண்ணை மூடிக்கொண்டு நின்றாரே, அந்த நிமிஷம் அவருக்குப் பிடித்திருக்கட்டும்… பிடித்திருந்தால் அவரைக் கொன்றது இவன். பரவாயில்லை என்று மனசு சொன்னது, யோசிக்காமல், கூப்பிட்டதும் வருகிற பதில் மாதிரி சொன்னது, எந்தப் பிள்ளையாவது இப்படி வேண்டுவானா, செத்துப்போன அப்பாவிடம், நீங்கள் என்னால்தான் செத்தீர்கள் என்று இருக்கட்டும் என்று. அப்படியே நிக்காதே இட்சுகி, அக்காகூடச் சேர்ந்து தூக்கு, என்றாள் அம்மா தட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவன் நிமிர்ந்து பார்த்தான், அவள் எலும்பைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நம்பினானா இல்லையா என்று பார்க்கிறவள் மாதிரி, அவன் தலையை ஆட்டினான், தூக்குகிறேன் என்று ஆட்டினானா, நம்பினேன் என்று ஆட்டினானா, அவனுக்கே தெரியவில்லை, அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது, இப்போ, என்றாள் அக்கா, இருவரும் தூக்கினார்கள்.